பழைய டர்போ காருக்குக் கேட்ச் டேங்க்: காக்கி புக்கிட் பட்டறை ஒன்றைப் பற்றி

வேலை சுத்தம். விலையைக் கேட்டதும் கொஞ்சம் கனமாகத் தெரியும். பில்லைப் பிரித்துப் பார்த்தால் நியாயம். காத்திருக்க வைத்த விதம் மட்டும் எரிச்சல். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். பழைய டர்போ கார் வைத்திருப்பவர்கள், அதுவும் பானட்டைத் திறந்தால் முந்தைய உரிமையாளர் புண்ணியத்தில் பளபளவென்று ஓர் அலுமினிய டப்பா, அதாவது எண்ணெய் பிடிக்கும் கேட்ச் டேங்க், உட்கார்ந்திருக்கிறது என்பவர்கள், மேலே படியுங்கள்.

என்னுடையது 2002ல் பதிவான சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ், உருண்டைக் கண் மாடல். உள்ளே இருப்பது இஜே205: 1994 சிசி, நான்கு சிலிண்டர், படுத்த நிலையில் இருக்கும் பாக்ஸர் இன்ஜின். இரண்டு முறையும் பத்தாண்டுக்கு சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) புதுப்பிக்கப்பட்டதால்தான் இன்னும் ஓடுகிறது. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்திருந்தால் அடுத்த முறை என்ற பேச்சே கிடையாது, நேராக ஸ்கிராப். 14 வயது தாண்டிய கார் என்பதால் சாலை வரியில் 50 விழுக்காடு கூடுதல், ஆண்டுக்கு ஒரு பரிசோதனை. இவ்வளவும் கட்டி வைத்திருக்கும் காரில், சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் சுட்ட எண்ணெய் வாடை உள்ளே வந்தால் எப்படி இருக்கும்? பின்னால் உட்கார்ந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டதும் பட்டறை தேட ஆரம்பித்தேன்.

பட்டறை காக்கி புக்கிட் அவென்யூ 6, ஆட்டோபே கட்டடத்தில். இணையத்தில் பெயரைப் போட வேண்டாம் என்று முதலாளி கேட்டுக்கொண்டார். கையில் இருக்கும் வேலையே அவருக்கு அதிகமாம். அங்கே போய்ப் பழைய சுபாருகளும் மிட்சுபிஷி எவோக்களும் நெருக்கி நிற்கும் வாசலைத் தேடினால் கண்டுபிடித்துவிடலாம். முதலாளி சீன அங்கிள். இன்ஜினில் கை வைப்பவர் ஜோகூர் பாருவிலிருந்து தினமும் மோட்டார்சைக்கிளில் பாலம் கடந்து வரும் தமிழர். எல்லோரும் ஃபோர்மேன் என்கிறார்கள், நான் அண்ணன் என்கிறேன். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி விலை கேட்டால் பதில் வராது. காரைக் கொண்டுபோனால்தான் பேச்சு.

பானட்டைத் திறந்ததும் அண்ணன் டப்பாவைப் பார்க்கவே இல்லை. ஹோஸ்களைத்தான் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "டேங்க்கு கிடக்கட்டும் தம்பி. இந்தப் பைப்பு எங்கேருந்து எங்கே போகுதுன்னு முதல்ல பார்ப்போம்" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே கிராங்க்கேஸுக்குள், அதாவது இன்ஜினின் அடி அறைக்குள், கசியும். புளோ-பை என்பது இதைத்தான். புது இன்ஜினிலும் உண்டு, பழையதில் கூடுதல். அந்த வாயுவில் எரியாத பெட்ரோல், நீராவி, எண்ணெய்த் துளி மூன்றும் கலந்திருக்கும். வெளியேற வழி இல்லாவிட்டால் அழுத்தம் ஏறி, சீல், கேஸ்கெட் எது பலவீனமோ அது வழியாக எண்ணெய் பிதுங்கும்.

சாதாரண நிலையில் இதைப் பார்த்துக்கொள்வது பிசிவி வால்வு, கிராங்க்கேஸ் வாயுவை ஒரே திசையில் விடும் வால்வு. கார் ஐடிலில் சும்மா நிற்கும்போது இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) அழுத்தம் வெளிக்காற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அந்த உறிஞ்சலில் கிராங்க்கேஸ் வாயு வால்வு வழியாக மேனிஃபோல்டுக்குப் போய் எரிந்துவிடும். அதன் இடத்தை நிரப்ப டர்போவுக்கு முன்னால் உள்ள காற்றுக் குழாயிலிருந்து சிலிண்டர் தலைகளை மூடும் ராக்கர் கவர்கள் வழியாக நல்ல காற்று உள்ளே வரும். டர்போ காற்றை அழுத்தித் தள்ளத் தொடங்கி பூஸ்ட் ஏறியதும் கதை தலைகீழ். மேனிஃபோல்டில் இப்போது அழுத்தம், அதனால் வால்வு மூடிக்கொள்ள வேண்டும். வாயு அத்தனையும் ராக்கர் கவர்களின் பிரீதர் ஹோஸ்கள் வழியாக டர்போவின் வாய்க்குப் போகும். எண்ணெயும் சேர்ந்து போய், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் படியும். எரிகலவையில் எண்ணெய் கலந்தால் நாக், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது, சீக்கிரம் வரும், 98 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினாலும் சரி. நாக் என்றால் சுபாருக்காரர்களுக்கு வயிறு கலங்கும். பிஸ்டனில் வளையம் உட்காரும் விளிம்பு உடைந்த கதைகள் எங்கள் வட்டாரத்தில் ஏராளம். கேட்ச் டேங்க் என்பது இந்த எண்ணெயை வழியிலேயே பிடித்து வைக்கும் பாத்திரம், அவ்வளவுதான்.

என் காரில் இருந்த ஏற்பாடு இது: இரண்டு ராக்கர் கவர் ஹோஸ்களும் அந்த நீல டப்பாவுக்குள். டப்பாவின் தலையில் ஒரு குட்டி ஃபில்டர், அதன் வழியாக வாயு நேராக வெளியே. டர்போ குழாயில் இருந்த துளைக்கு ஒரு ரப்பர் மூடி. பிசிவி வால்வு மட்டும் பழையபடி மேனிஃபோல்டில். பந்தயக் களத்தில் பார்த்ததை யாரோ பாதி புரிந்துகொண்டு செய்த வேலை.

பந்தயக் காருக்கு அது போதும். அது எப்போதும் முழு பூஸ்டில் ஓடும், வாடையைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, இரண்டொரு நாளில் எண்ணெயையே மாற்றிவிடுவார்கள். நம் ஊரில் விரைவுச்சாலையிலேயே அதிகபட்சம் 90. காலையில் பிஐஇ விரைவுச்சாலையில் அதுவும் கனவு. என் கார் பெரும்பாலும் ஓடுவது ஐடிலில், அல்லது லேசான ஆக்ஸிலேட்டரில். அதாவது வேலை முழுக்க மேனிஃபோல்ட் பக்க உறிஞ்சலில்தான் நடக்கிறது. அந்த நேரத்தில் டப்பாவின் ஃபில்டர் வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. காற்றளவு சென்சாரைத் தாண்டாத, கணக்கில் வராத காற்று. இன்ஜின் கணினியான இசியூ அதைச் சமாளிக்கக் கூடுதல் பெட்ரோல் சேர்த்துக்கொண்டே இருந்தது. ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃபியூவல் டிரிம் (இசியூ நிரந்தரமாகச் செய்யும் பெட்ரோல் திருத்தம்) 9 விழுக்காடு கூட்டலில் இருந்ததை அண்ணன் காட்டினார். இணையத்தில் கிடைக்கும் கேட்ச் டேங்க் ஆலோசனைகளில் பெரும்பகுதி பூஸ்ட் பக்கத்தையே பேசுகிறது. சிங்கப்பூரில் ஓட்டுபவன் முதலில் பார்க்க வேண்டியது மற்றப் பக்கத்தை.

எதையும் கழற்றுவதற்கு முன் இன்ஜின் சோதனைக்குச் சம்மதம் கேட்டார். வளையம் தேய்ந்த இன்ஜினுக்கு டேங்க் மாட்டுவது வீண் செலவு என்பது அவர் கட்சி. இதற்காகவே அந்தப் பட்டறையைப் பரிந்துரைப்பேன். வேறு இரண்டு இடங்களில் விசாரித்தபோது "எந்த பிராண்ட் வேணும், என்ன கலர்" என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது. இங்கே லீக்-டவுன் டெஸ்ட்: பிஸ்டனை மேல் முனையில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. பாக்ஸரில் பிளக்குகள் பக்கவாட்டில் ஒளிந்திருப்பதால் கழற்றுவதற்கே நேரம் ஆனது. நான்கு சிலிண்டரும் 10 விழுக்காட்டுக்குள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து காது வைத்துக் கேட்கச் சொன்னார். பெரிய சீறல் இல்லை. இன்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது, மூச்சுவிடும் வழிதான் தப்பு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அப்புறம் டிப்ஸ்டிக் குழாயில் ஒரு சின்ன அழுத்தமானியைப் பொருத்தி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். பூஸ்டில் கிராங்க்கேஸ் அழுத்தம் தண்ணீர்க் கணக்கில் 35 சென்டிமீட்டர் வரை ஏறியது. காரணம் இரண்டு. ஒன்று, டப்பாவின் துளைகள். இன்ஜினிலிருந்து வரும் ஹோஸின் உள்விட்டம் கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர், டப்பாவில் இருந்ததோ 10. விட்டம் பாதியானால் வழியின் பரப்பு கால் பங்காகிவிடும். இரண்டு, பிசிவி வால்வு. யாரோ விலை குறைந்த ஒன்றைப் போட்டிருந்தார்கள். கழற்றி வாயால் ஊதினால் இரண்டு பக்கமும் காற்று போனது. அதாவது பூஸ்ட் ஏறும்போதெல்லாம் மேனிஃபோல்ட் அழுத்தம் நேராகக் கிராங்க்கேஸுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. டர்போவிலிருந்து எண்ணெய் வெறும் புவியீர்ப்பில்தான் கீழே வடியும், பம்ப் எதுவும் கிடையாது. கீழே அழுத்தம் இருந்தால் எண்ணெய் வடியாமல் தேங்கி, டர்போ சீல் வழியாகக் கசியும். மலேசிய நெடுஞ்சாலையில் 110ல் நீண்ட நேரம் ஓட்டிவிட்டு வந்தால் டர்போ அடியில் ஈரம் தெரிந்ததற்கு விடை கிடைத்தது. வேறொரு பட்டறையில் டர்போவையே மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

நீல நிற சிலிகான் ஹோஸ்களும் குப்பைக்குப் போயின. பார்க்க அழகு; ஆனால் சாதாரண சிலிகான் எண்ணெய்க்கு ஆகாது. ஊதிப்போகும், வெளியே எண்ணெய் வியர்க்கும். உள்ளே ஃபுளூரோ பூச்சு உள்ளதாக இருந்தால்தான் தாங்கும். அண்ணன் போட்டது எண்ணெய் தாங்கும் கருப்பு நைட்ரைல் ரப்பர் ஹோஸ், உறிஞ்சலில் சப்பிப்போகாத தடிமன். பானட்டைத் திறந்து படம் எடுத்துப் போட ஒன்றும் இல்லை.

புது ஏற்பாட்டில் இரண்டு டேங்க். பிசிவி வால்வுக்கு முன்னால், இன்ஜின் பிளாக்கிலிருந்து வரும் வழியில் சின்னது ஒன்று. இரண்டு ராக்கர் கவர் ஹோஸும், பிளாக்கின் டி இணைப்பிலிருந்து வரும் மற்றொரு கிளையும் சேரும் இடத்தில் பெரியது ஒன்று. அதிலிருந்து வெளிவரும் குழாய் டர்போவுக்கு முன்னால் அதன் சொந்தத் துளைக்கே திரும்புகிறது. எல்லாம் மூடிய சுற்று. வெளியே எதுவும் போகாது, வெளியிலிருந்து எதுவும் வராது. வெளியே திறந்துவிடும் வேலையை அவர் எடுப்பதே இல்லையாம். ஐரோப்பிய மாசு விதிகளில் கிராங்க்கேஸ் வாயு வெளியேறக் கூடாது என்பதற்குத் தனிச் சோதனையே உண்டு என்பதால் எனக்கு அது நியாயமாகவே பட்டது. எதுவானாலும் காரில் ஒன்றை மாற்றும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் விதியைப் பார்த்துவிடுங்கள்.

டேங்குக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் அடுத்த விஷயம். பழைய டப்பாவை அறுத்துக் காட்டினார், உள்ளே ஒன்றுமே இல்லை. நுழையும் துளையும் வெளியேறும் துளையும் மூடியிலேயே பக்கத்துப் பக்கத்தில். வாயு உள்ளே வந்து அப்படியே திரும்பிப் போயிருக்கும். புதியதில் நுழையும் குழாய் பாதி ஆழம் வரை இறங்குகிறது, நடுவே தடுப்புத் தகடு, அதன்மேல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை. வாயு திசை மாறும்போது கனமான துளிகள் தகட்டில் மோதி வழிந்துவிடும். மிக நுண்ணிய மூடுபனியை இந்த வலை முழுவதும் பிடிக்காது. அதற்குத் தனி ஃபில்டர் வேண்டும். மான் ஹம்மலின் புரோவென்ட் 200 அப்படிப்பட்டது, டீசல் ஃபோர் வீல் டிரைவ்காரர்களின் செல்லப்பிள்ளை. இன்டர்கூலர் மேலேயே குந்தியிருக்கும் என் இன்ஜின் அறையில் அந்த உருவத்துக்கு இடமில்லை. சமையலறைக் கம்பி நாரை டேங்குக்குள் திணிக்கச் சொல்லும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். செய்யாதீர்கள். ஒரு துணுக்கு உடைந்து போனால் போய்ச் சேரும் இடம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ சக்கரம்.

பொருத்திய விதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஹோஸ்கள் போன வழி. இன்ஜினிலிருந்து டேங்க் வரை எங்குமே தொய்வு இல்லாமல் ஏறிக்கொண்டே போகின்றன. நடுவில் பள்ளம் விழுந்தால் எண்ணெயும் தண்ணீரும் அங்கே தேங்கி வழியை அடைத்துவிடும். பாக்ஸரில் இது இன்னும் முக்கியம். தலைகள் இரண்டும் பக்கவாட்டில் படுத்திருப்பதால் நீண்ட வளைவில் ஒரு பக்கத் தலையில் எண்ணெய் குவிந்து பிரீதர் வழியாக மேலே ஏறப் பார்க்கும். ஹோஸ் செங்குத்தாக ஏறினால் வந்த எண்ணெய் திரும்ப இறங்கிவிடும். டேங்குகளை டர்போவின் சூட்டிலிருந்து தள்ளி, எதிர்ப்பக்க ஸ்ட்ரட் டவர் (சஸ்பென்ஷனின் மேல்முனை பொருந்தும் இடம்) அருகே வைத்திருக்கிறார். குளிர்ந்த இடத்தில் இருந்தால்தான் ஆவி துளியாக மாறும்.

வேலை முடிந்ததும் ஸ்மோக் டெஸ்ட், அதாவது குழாய்களுக்குள் புகை விட்டுக் கசிவு தேடுவது. மேனிஃபோல்ட் பக்க டேங்கில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உறிஞ்சப்படும், அது வேக்யூம் லீக்தான். சின்ன டேங்கின் வடிகுழாயில் மெல்லிய புகை தெரிந்தது. ஓ-ரிங்கை மாற்றி மறுபடி புகை விட்டுக் காட்டினார். நான் கேட்காமலேயே செய்தார். பிறகு அதே அழுத்தமானியோடு அதே சுற்று: ஐடிலில் லேசான உறிஞ்சல், பூஸ்டில் 5 சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. டிரிம் சில நாள் ஓட்டத்தில் 2 விழுக்காட்டுக்கு இறங்கியது. வாடை சுத்தமாக இல்லை. அம்மா முன்சீட்டுக்கே வந்துவிட்டார், ஏசி போதவில்லை என்பதுதான் இப்போதைய புகார்.

பில்: சோதனைகள் 120 வெள்ளி, இரண்டு டேங்க் 260, ஹோஸும் கிளாம்பும் 90, சுபாரு ஒரிஜினல் பிசிவி வால்வு 35, கூலி 200. மொத்தம் 705. இணையத்தில் 40 வெள்ளிக்கு டேங்க் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது, என் காரில் இருந்ததும் அந்த ரகம்தான். இந்தப் பில்லில் எனக்கு அதிகப் பலன் தந்தது எது என்று கேட்டால் 35 வெள்ளி வால்வு என்றுதான் சொல்வேன். கையில் காசு குறைவாக இருந்தால் அந்த வால்வையும் ஹோஸ்களையும் மட்டும் மாற்றி, கம்பெனி கொடுத்த வழியையே திரும்ப இணைத்துவிடுங்கள். டேங்க் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இனி குறைகள். சொன்ன தேதிக்கு வேலை தொடங்கவில்லை. கார் இரண்டாம் மாடியில் தூசி தின்றுகொண்டு நின்றது, கேட்டால் "நாளைக்கு லா" என்பதே அங்கிளின் நிரந்தரப் பதில். சின்ன டேங்கின் வடிகுழாயைத் திருக வேண்டுமானால் கையை இரண்டு ஹோஸ்களுக்கு நடுவே நுழைக்க வேண்டும். இன்ஜின் சூடாக இருந்தால் முடியாது. பெரிய டேங்கின் பக்கவாட்டுக் கண்ணாடிக் குழாய் சீக்கிரமே மஞ்சளேறிவிட்டது, மட்டம் தெரியவில்லை. உள்ளே இருக்கும் அளவுகோல் குச்சியை உருவித்தான் பார்க்கிறேன். கிளாம்புகள் எல்லாம் திருகு வகை. ரப்பர் சுருங்கும்போது தானாக இறுகும் ஸ்பிரிங் வகை போட்டிருக்கலாம். அண்ணனிடம் கேட்டதற்கு "வந்து காட்டுங்க, இறுக்கித் தர்றேன்" என்றார். வேலை நடக்கும்போது படம் எடுத்து அனுப்பும் பழக்கமும் இல்லை.

ஏறக்குறைய 1,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை வடிக்கிறேன். சின்ன டேங்கில்தான் அதிகம் சேர்கிறது, அதுவும் வீட்டுக்கும் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கும் மட்டும் ஓட்டும் வாரங்களில். இன்ஜின் முழுச் சூடு ஏறாத குட்டி ஓட்டங்களில் தண்ணீர் ஆவியாகி ஓட நேரமில்லை. வெளியே வருவது நுரை தள்ளிய தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) நிறத்தில், பெட்ரோல் நெடியோடு இருக்கும். முதல் முறை பார்ப்பவர்கள் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பதறுவார்கள். கூலன்ட் மட்டம் இறங்காதவரை கவலை வேண்டாம். பெரிய டேங்கில் சேர்வது கருத்த எண்ணெய், அளவும் குறைவு. மலேசியா போய்வந்தால் மட்டும் கொஞ்சம் கூடும். எதையும் திரும்ப இன்ஜினுக்குள் ஊற்றக் கூடாது, அதில் தண்ணீரும் பெட்ரோலும் இருக்கிறது. புளோக் கீழே சாக்கடையிலும் ஊற்றக் கூடாது. பாட்டிலில் சேர்த்து வைத்துப் பட்டறையில் கொடுத்தால் பழைய எண்ணெய் டிரம்மில் ஊற்றிக்கொள்கிறார்கள்.

நண்பர் ஒருவரின் பழைய வால்வோ டர்போவையும் அங்கே அழைத்துப்போனேன். கேட்ச் டேங்க் வேண்டும் என்றுதான் அவர் வந்தார். அண்ணன் ஐடிலில் எண்ணெய் மூடியைக் கழற்றி ஒரு ரப்பர் கையுறையை அந்தத் துளையின் வாயில் மாட்டினார். அது ஊதி நிமிர்ந்தது, அதாவது உள்ளே அழுத்தம் தேங்கியிருக்கிறது. அந்த வால்வோக்களில் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் பிளாஸ்டிக் எண்ணெய்ப் பிரிப்பான் பெட்டி ஒன்று உண்டு, வயதானால் கசடு அடைத்துக்கொள்ளும். பெட்டியையும் அதன் ஹோஸ்களையும் மாற்றினால் போதும், டேங்க் தேவையில்லை என்று சொல்லி, டேங்க் வியாபாரத்தை அவரே வேண்டாமென்று விட்டுவிட்டார்.

போவதானால் வாரநாளில் காலையிலேயே போங்கள். சனிக்கிழமை நிறுத்த இடம் கிடைக்காது. பணம் பேநவ் (கைப்பேசி வழிப் பணமாற்றம்) மட்டும், கார்டு வாங்குவதில்லை. இன்ஜின் ஆறியிருந்தால்தான் சோதனையை ஆரம்பிப்பார் என்பதால், காரை விட்டுவிட்டுக் கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவது உத்தமம்.